உடையின் உண்மை: பெஞ்சமின் வெஸ்ற்றின் ‘ஜெனரல் வூல்ஃபின் மரணம்’

பெஞ்சமின் வெஸ்ற்றின் ‘ஜெனரல் வூல்ஃபின் மரணம்’ கலை வரலாற்றில் ஒரு புரட்சியாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. 1770இல் வரையப்பட்டு, அடுத்த ஆண்டு இலண்டன் றோயல் அக்கடமியிற் காட்சிக்கு வைக்கப்பட்ட இவ்வோவியம், வீரரைக் கிரேக்க, உரோம உடையிற் காட்டும் வழக்கை விடுத்துச் சமகாலச் சீருடையிற் காட்டியது. ஜோசுவா றெனோல்ட்ஸ் இதனைத் தடுக்க முயன்றதாகவும், கிரேக்கரும் உரோமரும் அறியாத நிலத்தில் 1759இல் நடந்த நிகழ்ச்சிக்கு அவர்தம் உடை பொருந்தாதெனத் தாம் விடையிறுத்ததாகவும் வெஸ்ற் பிற்காலத்திற் கூறினார். மரபை உண்மை வென்றது என்பதே இக்கதையின் சாரம். அவ்வெற்றி எத்தகையது என்பது ஆராயற்பாலது.

1759 செப்டெம்பர் 13ஆந் திகதி, கியூபெக் நகரின் புறத்தே ஆபிரகாம் சமவெளியிற் பிரித்தானியப் படை பிரெஞ்சுப் படையை முறியடித்தது. அதன் தளபதி ஜேம்ஸ் வூல்ஃப் தமது 32ஆவது வயதிற் குண்டடிபட்டு, சிலரே அருகிருக்க இறந்தார். ஓவியத்திலோ அதிகாரிகள் பலர் அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர். அவர்களுள் ஒருவரான றொபேட் மொங்ரன் அவ்வேளை களத்தின் வேறிடத்திற் காயமுற்றிருந்தார். எட்வேட் பென்னி என்பார் 1763இலேயே இம்மரணத்தைச் சமகால உடையில், சிலரை மட்டுமே அருகிற் காட்டி வரைந்திருந்தார். எனவே சீருடையை முதலிற் புகுத்தியவர் வெஸ்ற் அல்லர். நிகழ்ச்சிக்கு நெருங்கி நின்றவரும் அவரல்லர்.

வெஸ்ற்றின் தனித்தன்மை பிறிதோரிடத்தில் உள்ளது. சாய்ந்து கிடக்கும் உடல், அதனைத் தாங்கும் கைகள், மேலே சரிந்து நிற்கும் கொடி ஆகியன, சிலுவையினின்று இறக்கப்பட்ட கிறிஸ்துவின் உடலைச் சூழ்ந்து புலம்பும் சமய ஓவியங்களின் அமைப்பையே நினைவூட்டுகின்றன. உடையளவில் விலக்கப்பட்ட மரபு, அமைப்பளவில் முழுமையாகப் பேணப்பட்டுள்ளது. இதனால் ஒரு படைத்தளபதியின் சாவு தியாகமாக உருமாறுகின்றது. அச்சாவினாற் கைப்பற்றப்பட்ட நிலம் அத்தியாகத்தின் பயனாகத் தோற்றமளிக்கின்றது. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையாற் கனடா பிரித்தானியாவுக்கு உரித்தானபின் எழுந்த ஓவியம் இஃது என்பதையும் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

இடப்புறத்து முன்னிலையில், கையை மோவாயில் ஊன்றியபடி அமர்ந்திருக்கும் பூர்வீகக் குடி வீரனே இவ்வகையில் முக்கியமானவன். வெஸ்ற் பென்சில்வேனியாவிற் பிறந்தவர்; அம்மக்களின் பொருள்களைச் சேகரித்து வைத்திருந்தவர். ஆதலின் அவ்வீரனின் அணிகலன்கள் நுணுக்கமாகத் தீட்டப்பட்டுள்ளன. ஆயினும் அன்றைய போரிற் பூர்வீகக் குடியினர் பிரெஞ்சுப் படையின் பக்கத்திலேயே நின்று போரிட்டனர். பொருள்கள் மெய்யானவை, அவற்றை அணிந்திருப்பவனின் இருப்போ கற்பனை. எவரது நிலத்தின்பொருட்டு இரு ஐரோப்பிய அரசுகள் பொருதினவோ, அவரே வென்றவனின் சாவைக் கண்டு சிந்தனையில் ஆழ்ந்திருப்பதாகக் காட்டுவதன் மூலம், அவரது இசைவு பெறப்பட்டதான தோற்றம் உண்டாக்கப்படுகின்றது. சீருடையின் நம்பகத்தன்மை இக்கற்பனைக்கும் பிணை நிற்கின்றது.

வில்லியம் வூலற் செதுக்கி 1776இல் வெளிவந்த அச்சுப்பிரதிகள் இக்காட்சியைப் பரவலாக எடுத்துச்சென்றன. மூல ஓவியம் இன்று ஒட்டாவாவிலுள்ள கனடா தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

இவ்வோவியத்தின் சாதனையை மறுப்பதற்கில்லை. சமகால நிகழ்ச்சியும் உயர் கலைக்குரிய பொருளாகலாம் என்பதை அது நிலைநாட்டியது. கொப்லியின் ‘மேஜர் பியர்சனின் மரணம்’ போன்ற படைப்புகளுக்கு வழிவகுத்தது. ஆனால் யதார்த்தம் என்பது பொத்தானையும் கொடியையும் பிழையின்றித் தீட்டுவதோடு அமைவதன்று; மாந்தர் எவ்வுறவில் நிறுத்தப்படுகின்றனர் என்பதே அதன் உரைகல். அவ்வுரைகல்லிற் பரிசோதியாது, உடையை மட்டும் நோக்கி இதனை உண்மையின் வெற்றியெனக் கூறும் விமர்சனம், ஓவியர் தம்மைப் பற்றிக் கூறிய கதையையே தனது தீர்ப்பாக வழங்குகின்றது.