சின்ன வீடு, இரண்டு தொரப்பள்ளி

தமிழில் 'சின்ன வீடு' என்று சொன்னாலே ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். 1985-ல் பாக்யராஜ் அந்தப் பெயரில் படமே எடுத்தார். கிண்டலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்தச் சொல்லில் ஒரு சரியான கணக்கு இருக்கிறது. அளவில் சின்னது என்பதல்ல அதன் பொருள். பெரிய வீடு வேறெங்கோ இருக்கிறது என்பதுதான். மலைமேல் முளைக்கும் வார இறுதி காட்டேஜ்களையும், அவற்றைப் பார்த்துவிட்டு வந்து நாம் போனில் சேர்த்துவைக்கும் 'டைனி ஹவுஸ்' படங்களையும் பேச இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

மேப்பில் தொரப்பள்ளி என்று தேடினால் இரண்டு ஊர் வரும். ஒன்று ஓசூர் பக்கம், 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர். இன்னொன்று கூடலூர் தாண்டி, முதுமலைக் காட்டின் விளிம்பில். மைசூர், குண்டுலுபேட்டை, பந்திப்பூர் வழியாக ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். இரவு ஒன்பது மணிக்கு பந்திப்பூர் சாலையை மூடிவிடுவார்கள், அவ்வளவுதான். தெப்பக்காட்டில் திரும்பி மசினகுடி வழியே ஊட்டிக்கு ஏறினால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஓசூர், பெங்களூர் ஐடி ஆட்களுக்கு இது மனப்பாடமான ரூட்.

ஏறிப் போய் நாம் ரசிக்கிற வீடு பெரும்பாலும் ஏ-ஃப்ரேம். கூரையே தரைவரை இறங்கும். 1950-களில் அமெரிக்காவில் விடுமுறை வீடாகப் பிரபலமான வடிவம் இது. பனி கூரையில் தங்காமல் வழுக்கி விழ அந்தச் சரிவு உதவும். நம்ம மலையில் உறைபனி புல்மேல் படியும், கூரைமேல் குவியாது. மழைக்கு நல்லதுதானே என்பார்கள். மழைக்கு சாதாரண ஓட்டுக்கூரைச் சரிவே போதும். பதிலுக்கு நாம் இழப்பது சுவர். பீரோ நிறுத்தவோ காலண்டர் மாட்டவோ நேராக ஒரு சுவர் இருக்காது. இரண்டு ராத்திரி தங்குகிறவனுக்கு பீரோ எதற்கு? அதனால்தான் படத்தில் அது அவ்வளவு அழகாக இருக்கிறது. பீரோ வேறெங்கோ இருக்கிறது.

அதே ஊட்டியில் தோடர் மந்துகளின் பாரம்பரிய வீட்டைப் பாருங்கள். பாதியாக வெட்டிய பீப்பாய் போன்ற வளைவு, மூங்கில், பிரம்பு, புல். தவழ்ந்துதான் நுழைய முடியும், வாசல் அவ்வளவு சின்னது. குளிர் உள்ளே வராது, விலங்கும் வராது. அந்தச் சின்னத்தனத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஏ-ஃப்ரேமுக்கு நம் ஊரில் இருக்கும் ஒரே காரணம் போட்டோ.

சின்ன வீட்டின் ரசிகர்கள் தவறாமல் காட்டும் உதாரணம் லெ கொர்பூசியே 1952-ல் பிரெஞ்சுக் கடலோரத்தில் கட்டிக்கொண்ட மரக்குடில். பக்கத்துக்கு 3.66 மீட்டர். அதில் சமையலறை கிடையாது. ஒட்டினாற்போல் ஒரு உணவகம், சாப்பாடு அங்கே. அப்படியென்றால் அது 3.66 மீட்டர் வீடா, இல்லை அந்த உணவகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டுமா? வீட்டிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும் அதை வெளியே யாரோ சுமக்கிறார்கள். நீலகிரியில் அந்தப் பட்டியலில் யானையும் உண்டு. சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் பற்றிய வழக்கு 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம்வரை போய், வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பானது.

இப்போது கீழே இறங்கி நம்ம தொரப்பள்ளிக்கு வருவோம். ராஜாஜி பிறந்த வீடு அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. "இத்தனூண்டு வீட்டில் பிறந்தவரா 340 அறை இருக்கிற மாளிகையில் கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தார்!" என்று வியப்பது எளிது. எனக்கு அது தப்பான வாசிப்பாகப் படுகிறது. அக்ரஹாரத்து வீடு உள்ளே சின்னதாக இருக்க முடிந்ததற்குக் காரணம் அதன் மிச்சம் தெருவில், கோயிலில், வயலில் விரிந்து கிடந்ததுதான். அவருடைய அப்பா ஊர் முன்சீப். அந்தத் தெருவுக்குள் யார் வரலாம், திண்ணையில் யார் உட்காரலாம் என்பதும் தீர்மானிக்கப்பட்டிருந்தது. இன்று 'திண்ணை வைத்த வீடு' என்று உருகும் ஆர்க்கிடெக்ட்களும் வாசகர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏ-ஃப்ரேம் இறக்குமதிக் கனவு என்றால் இது உள்ளூர்க் கனவு. இரண்டிலும் வீட்டைச் சுமப்பவர் படத்துக்கு வெளியே நிற்கிறார்.

உண்மையான சின்ன வீடுகள் ஓசூரில் நிறைய இருக்கின்றன. சிப்காட்டைச் சுற்றிய லைன் வீடுகள். பத்துக்குப் பத்து அறை, வரிசையாக. கடைசியில் பொதுக் குழாய், பொதுக் கழிவறை. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் படுக்கும் பாயை, டே ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் அப்போதுதான் சுருட்டியிருப்பார். இதைப் பார்த்து யாரும் 'மினிமலிசம்' என்று எழுதுவதில்லை. சின்னது அழகு என்பது, பெரியதை வாங்க முடிந்தும் வேண்டாம் என்று சொல்ல வசதி இருப்பவர்களின் வாக்கியம்.

மலைக்குப் போக வேண்டாம் என்றோ, குட்டி வீடு கட்ட வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. முப்பதுக்கு நாற்பது சைட் வாங்கி பிளான் போடும் நண்பர்களிடம் நான் கேட்பது சில சில்லறைக் கேள்விகள்தான். துணி எங்கே காயும்? ஊரிலிருந்து அம்மா வந்தால் எங்கே படுப்பார்? வேலைக்கு வரும் அக்கா எந்த பாத்ரூமுக்குப் போவார்? இதற்கெல்லாம் பிளானிலேயே பதில் இருந்தால், அது எத்தனை சதுர அடியானாலும் வீடு.