இணைத்துப் பார்த்தால்தான் தெரியும்

எல்லாருடைய மாற்றங்களையும் அடிக்கடி ஒன்றுசேர்த்துத் தானாகவே சோதிக்கும் கன்டினியுவஸ் இன்டக்ரேஷனை அமைப்பது ஒரு யாமல் கோப்பை எழுதிப் போடும் சில்லறை வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் அருமை வேறிடத்தில் இருக்கிறது. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, அதை அழைக்கும் இடங்களையெல்லாம் திருத்துகிறார். அதே நாளில் இன்னொருவர் புதிய கோப்பு ஒன்றில் பழைய பெயரால் அதை அழைக்கிறார். இருவர் கணினியிலும் டெஸ்ட்கள் தேறுகின்றன. கோப்புகள் வேறு என்பதால் கிட் எந்த மோதலையும் காட்டாமல் இரண்டையும் சேர்த்துவிடுகிறது. சேர்ந்த பிறகோ புரோகிராம் பில்டே ஆவதில்லை. இருவருமே கவனமாக வேலை செய்தவர்கள். பிழை இணைப்பில் பிறந்தது.

ரஸ்ட் மொழித் திட்டம் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பார்ஸ் என்ற பாட், வரும் மாற்றத்தை முதன்மைக் கிளையின் அப்போதைய நிலையோடு சேர்த்து, லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று டெஸ்ட்களை ஓட்டி, தேறினால் மட்டுமே கிளையை முன்னே நகர்த்துகிறது. வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்பது நியாயமான குறை. ஓர் ஓட்டத்துக்கே மணிக்கணக்கில் ஆகிறது. அதனால்தான் ஆபத்தில்லாத சிறு மாற்றங்களை அங்கே ஒன்றாகக் கட்டிச் சோதிக்கிறார்கள். எழுதாத டெஸ்டை எந்த சர்வரும் ஓட்டாது என்பதும் உண்மையே. ஆனால் எழுதிய டெஸ்டும் அவசரத்தில் ஓட்டப்படாமல் போவதுண்டு. அந்த ஓட்டையைக் கன்டினியுவஸ் இன்டக்ரேஷன் அடைக்கிறது. இந்தக் குறைகளைவிடப் பெரிய ஆபத்து, காரணமில்லாமல் அவ்வப்போது தோற்கும் டெஸ்ட். மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று பழகிவிட்டால் தோல்வியைக் காட்டும் சிவப்பை யாரும் மதிப்பதில்லை. அதை உடனே திருத்த வேண்டும், முடியாவிட்டால் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும்.