அருவியும் மிட்டாயும்

குழந்தைகளுக்கென்று எழுதும் சரித்திரக் கதைகளில் குறியீடு என்பது அபாயமான சரக்கு. ஆசிரியன் கொஞ்சம் பூடகமாக எழுதினால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், குழந்தை பொறுக்காது. அதற்குப் பொருள் முதலில் பொருளாகவே இருக்க வேண்டும். அர்த்தம் பிற்பாடு வந்து சேரலாம்.

அமெரிக்க நாவலாசிரியை மில்ட்ரெட் டி. டெய்லர் 1976-ல் வெளியிட்டு, மறு வருஷம் நியூபெரி பரிசு பெற்ற 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' என்ற நாவலைப் படித்தபோது இது எனக்குத் தெளிவாயிற்று. கதை நடப்பது 1933-ல், மிஸிஸிபி மாகாணத்தில். கறுப்பர் பிள்ளைகளின் பள்ளியில் ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் நாள் ஒரு புத்தகம் கிடைக்கிறது. அழுக்கேறிய, நைந்த புத்தகம். அட்டையின் உட்புறம் ஓர் அட்டவணை: எந்த வருஷம், என்ன நிலையில், எந்த இனத்துப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது என்ற விவரம். 11 தடவை வெள்ளைப் பிள்ளைகளின் கையில் தேய்ந்து, 'மிக மோசம்' என்றான பிறகே 12-வது தடவையாக இவனிடம் வருகிறது. பையன் அதைத் தரையில் எறிந்து மிதிக்கிறான், அடி வாங்குகிறான். நிறபேதத்தைப் பற்றி ஆசிரியை அங்கே பிரசங்கம் செய்யவில்லை. ஓர் அட்டவணை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

இனம் வேறு, சாதி வேறுதான். ஆனாலும் தென்காசிச் சீமையை வைத்துத் தமிழில் இப்படியொரு நாவல் எழுதப் புகுந்தால் நம் எழுத்தாளர் எதைத் தேடிப் போவார்? குற்றால அருவியைத்தான். திரிகூடராசப்பக் கவிராயர் நாளிலிருந்து நமக்குக் கைவந்த பொருள் அது. "அருவிக்குச் சாதி ஏது? எல்லார் தலையிலும்தானே விழுகிறது" என்று ஒரு தாத்தா சொல்ல, கதை சுபமாக முடிந்துவிடும். சாரல் காலத்தில் ஐந்தருவியில் நனைந்தவர்களுக்கு அது பொய்யென்றும் படாது. ஆனால் வழக்கு தண்ணீரின் மேல் அல்லவே, மனிதன் மேல் அல்லவா? தண்ணீரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு மனிதனைத் தப்பவிடும் குறியீடு எனக்கு வேண்டாம்.

2022 செப்டம்பரில் அதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகள் சிலர் ஒரு கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குக் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் காட்சி படமாகப் பரவியது. அவர் கைதானார், கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. செய்தி அத்துடன் முடிந்தது. நாவல் அங்கேதான் தொடங்க வேண்டும். மிட்டாய் பாட்டிலுக்கும் பிள்ளையின் கைக்கும் இடையில் இருக்கிற ஒரு முழத் தூரத்தைச் சரியாக அளந்து சொன்னால் போதும், அருவி வேண்டியதில்லை. டெய்லர் 43 வருஷம் பின்னோக்கிப் பார்த்து எழுதினார். 2022-ம் ஒரு நாள் சரித்திரமாகத்தான் போகிறது.

இதெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு வண்ணமாகக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசுக்குப் பரிந்துரைத்தது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அர்த்தம் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறியீட்டை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கனவே படித்துக்கொண்டிருப்பதற்கு மாற்றாக ஒரு நல்ல கதையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.