கொல்லி என்றொரு பெயர்

முதுகலையில் நான் படித்த நோயெதிர்ப்பியல் முழுக்கப் போர்மொழிதான்: படை, ஊடுருவல், அழிப்பு. தந்தையின் கூறுகளைச் சுமக்கும் கருவைத் தாயுடல் ஏன் நிராகரிப்பதில்லை என்று 1953-இல் பீட்டர் மெடவார் கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் கர்ப்பத்தையே விதிவிலக்காக்கிவிட்டது. (அந்த விதிவிலக்கில் பிறக்காதவர் யார்?) 'இயற்கைக் கொல்லி' வகைச் செல்கள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையில் குவிகின்றன. அங்கே அவற்றின் முதன்மை வேலை கொல்வதல்ல; இரத்தக்குழாய்கள் அகல உதவுவது. பெயர் மட்டும் மாறவில்லை. பெருவிழுங்கிகளை வீடு கூட்டும் பெண்ணாகவும் டி செல்களைப் போர்வீரனாகவும் அறிவியல் எழுத்து சித்திரிப்பதை 1994-இலேயே எமிலி மார்ட்டின் எழுதிவிட்டார். எங்கள் பாடத்திட்டத்தில் அவர் இல்லை. கொல்லி செல்லின் பணிக்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பில் கருப்பை கிடையாது.