முப்பதாவது ஆள்

மல்யுத்த நட்சத்திரம் ஒருவரை ஓய்வுக்குப் பின் மீண்டும் களமிறக்குவது தனிக் கலை. அதன் உச்சமாக நான் ரசிப்பது 2008 ராயல் ரம்பிள் மல்யுத்தப் போட்டி. 2007 அக்டோபரில் மார்புத் தசை கிழிந்து மல்யுத்த வீரர் ஜான் சீனா அறுவை சிகிச்சைக்குப் போனார். திரும்பிவரப் பல மாதங்களாகும் என்றார்கள். ஜனவரியிலேயே தேறிவிட்டார். அந்தச் செய்தியைக் கசியவிடாமல் காத்தது முதல் சாமர்த்தியம். அடுத்தது இடத்தேர்வு: நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன், 30 பேர் மோதும் போட்டியில் கடைசி நுழைவு. அவரது நுழைவுக்கான கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் முதலில் வந்தது ஆளல்ல, அவருடைய இசை. அரங்கமே அதிர்ந்தது. அவரைக் கூச்சலிட்டு எதிர்த்துவந்த ரசிகர்களும் ஆர்ப்பரித்தார்கள். இறுதியில் சக வீரர் ட்ரிபிள் எச்சை வெளியேற்றி வென்றார். ஒருவர் இல்லாத குறையை ரசிகன் முழுதாக உணர்ந்த பிறகே அவரைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பொறுமைதான் இக்கலையின் உயிர்.