விநாடிக்குள் தொலையும் விவரங்கள்

தொலைபேசி மணி அடிக்கிறது, எடுக்கிறீர்கள், பேசி முடித்து வைக்கிறீர்கள். இணைப்பகக் கணிப்பொறி மூன்றையும் நேரத்துடன் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பின் மீச்சிற்றளவு என்ன என்று கேட்டதுண்டா?

பல அலுவலகங்களில் இயங்கும் 'ஆஸ்டெரிஸ்க்' என்ற இணைப்பக மென்பொருளைப் பாருங்கள். அது தனக்குள் நேரத்தை மைக்ரோவிநாடி வரை வைத்திருக்கிறது. ஆனால் கட்டணத்துக்குரிய நேரத்தை வழக்கமாக முழு விநாடிகளில் எழுதி, மிச்சத்தை விட்டுவிடுகிறது. தொடங்கிய விநாடியை முழு விநாடியாகக் கூட்டச் செய்யவும் ஒரு வரிக் கட்டளை உண்டு. 12.4 விநாடிப் பேச்சு ஓரிடத்தில் 12, வேறிடத்தில் 13!

பதிவு போய்ச் சேரும் 'மைஎஸ்க்யூஎல்' தகவல் தளம் இன்னும் ஒரு படி மேல். 2011-இல் வந்த 5.6.4 வெளியீட்டுக்கு முன் அதன் நேரப் பத்தியில் தசமப் பகுதி நிற்கவே நிற்காது. இப்போது ஆறு இலக்கம் வரை இடமுண்டு. ஆனால் நாம் கேட்டால்தான்! கேளாவிட்டால் பூஜ்யம். பொது நெறிமுறை ஆறு என்று சொல்லியும், பழைய வெளியீடுகளோடு ஒத்துப்போவதற்காக இப்படி வைத்தார்கள். சோம்பேறித்தனமான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

இதனால் என்ன நட்டம்? அழைத்தவர் சலித்து வைத்த நேரமும் ஊழியர் எடுத்த நேரமும் ஒரே விநாடியில் விழுந்தால், எது முந்தியது? பதிவு வாய் திறக்காது. பழி ஊழியர் தலையில் விழும்.

அதற்காக ஆறு இலக்கம் எழுதினால் போதுமா? ஊசலின் அலைவு நேரத்தைக் கால்குலேட்டரில் தெரிந்தபடி எட்டு இலக்கம் எழுதும் மாணவர்களை நானறிவேன். குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினாலே நாளுக்கு 0.86 விநாடி. இணையம் வழியாகத் திருத்தினாலும் சில மில்லிவிநாடிகள் பிழை தங்கும். இது நம் வெர்னியரின் சுழிப்பிழை போன்றதே. திருத்தும்போது கடிகாரம் பின்னுக்கு நகர்ந்தால், பேச்சு தொடங்குமுன்பே முடிந்ததாகவும் பதிவாகலாம்!

எனவே நேரப் பத்தியில் மூன்று இலக்கம் கேளுங்கள். பேசிய கால அளவை, பின்னோக்கி நகராத எண்ணியைக் கொண்டு கணக்கிடுங்கள். முன்பின் வரிசைக்கு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இணைப்பகமே ஒரு தொடர் எண் இடட்டும். அந்த எண்ணுக்குக் கடிகாரமே தேவையில்லை.