நான்கு நாய்கள், ஒரு திண்ணை

உறுவையாற்றில் ஒரு வீட்டுக் கூடத்தில், தாத்தா பாட்டி படங்களுக்கு அடுத்தபடியாக ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் மாட்டியிருக்கிறது. மூன்றடி அகலம் இருக்கும். திண்ணையில் நான்கு நாய்கள்: கறுப்பு நாட்டு நாய் ஒன்று, செவலை ஒன்று, வெள்ளை ராஜபாளையம், ஒரு பொமரேனியன். எல்லாம் அந்த வீட்டில் வளர்ந்து செத்தவை. கறுப்பு போய்ப் பல வருஷம் கழித்துத்தான் பொமரேனியன் வந்து சேர்ந்தது. பழைய போட்டோக்களை வைத்து வரைந்தவர் வில்லியனூர்ப் பக்கம் போர்டு எழுதிப் பிழைத்த ஒருவர். ஓரத்தில் கையெழுத்துகூடப் போடவில்லை.

ஒன்றாக நின்றே இராதவர்களை ஒரே சட்டத்துக்குள் நிறுத்துவது நம் ஸ்டுடியோக்காரர்களுக்குக் கைவந்த கலை. முன்னமே இறந்த மனைவியின் படத்தைக் கணவர் பக்கத்தில் ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் தூரிகையால் பூசித் தம்பதி படமாக்கித் தருவார்கள். சாவுக்குப் பின் எடுத்த படத்தில் மூடிய கண்ணைத் திறந்து வரைந்து கொடுப்பதும் உண்டு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து, ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. உறுவையாற்றுத் திண்ணையும் அந்த மரபில் வந்ததுதான். மனிதருக்குச் செய்ததை இவர் நாய்க்குச் செய்திருக்கிறார்.

மனிதப் படத்தைவிட இதில் சிக்கல் அதிகம். நாயை உட்காரவைத்து யார் படம் எடுத்தார்கள்? கறுப்பு நாய்க்குக் கிடைத்தது ஒரு கல்யாண குரூப் போட்டோவின் ஓரம். அதிலும் பாதி உடம்பு நாற்காலிக்குப் பின்னால். செவலைக்கு 80-களின் கலர் பிரிண்ட். அந்தக் காலப் பிரிண்டுகளில் சியான் சாயம் பீரோவுக்குள் இருந்தாலே மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. அதை நம்பி வரைந்தால் செவலை நாய் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். ராஜபாளையத்துக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு; ஃபிளாஷ் பட்டால் கண் பச்சையாகப் பளபளக்கும், விழி இருந்த இடமே தெரியாது. பொமரேனியன் செல்போன் படம். கிட்டத்தில் எடுத்ததால் மூக்கு மட்டும் முகத்தைவிடப் பெரிசு.

போட்டோ என்பது பாதி உண்மை பேசும் சாட்சி; குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர்தான் ஓவியர். இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்கு படத்திலும் வெளிச்சம் நான்கு பக்கமிருந்து விழுகிறது. அத்தனையையும் தள்ளிவிட்டு, இடப்பக்கமிருந்து வரும் காலை வெயில் என்று தீர்மானித்துவிட்டார். கிட்டப்போய்ப் பாருங்கள்: எட்டுக் கண்ணிலும் வெள்ளைப் புள்ளி இடது மேல் மூலையில்தான் இருக்கிறது. பாதங்களுக்கு அடியில், தரையைத் தொடும் இடத்தில், மெல்லிய கருநிழல் ஒன்று ஓடுகிறது. அது இல்லையென்றால் நாய்கள் அந்தரத்தில் மிதந்திருக்கும். உயரக் கணக்கைப் போட்டோவில் இருந்த படிக்கட்டையும் நாற்காலிக் காலையும் வைத்துப் பிடித்திருக்கிறார்.

கறுப்பில் வெறும் கறுப்பைப் பூசவில்லை. முதுகில் வானத்தின் நீலம், வயிற்றோரம் பழுப்பு. ராஜபாளையத்தின் வெள்ளையில் உள்ளே இருக்கும் தோலின் இளஞ்சிவப்பு லேசாகத் தெரிகிறது. அந்த இனத்துக்கே உரிய ரோஜா நிற மூக்கும் சரியாக வந்திருக்கிறது. ஆனால் என் மனசுக்குப் பிடித்தது செவலையின் காது. போட்டோவில் இரண்டும் விறைத்து நிற்கின்றன. வீட்டு அம்மா பார்த்துவிட்டு, “வலது காது எப்பவும் மடிஞ்சுதாம்பா இருக்கும், அன்னிக்குப் பட்டாசு வெடிச்சுது, அதான் தூக்கிக்கிச்சு” என்றாராம். ஓவியர் காதை மடித்துவிட்டார். போட்டோவில் இல்லாத அந்த மடிப்புதான் அதைச் செவலை ஆக்குகிறது.

பொமரேனியன் தேறவில்லை. ரோமத்தை ஒவ்வொன்றாக இழைத்ததில் நாய் காணாமல் போய்க் காலண்டர் பொம்மை வந்துவிட்டது.

இறந்த நாய்க்கு உருவம் எடுப்பது இந்த மண்ணில் பழைய வழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காத்து விழுந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் இருந்தது என்று கல்லே சொல்கிறது. கன்னட நாட்டு ஆதகூர்க் கல், 10-ஆம் நூற்றாண்டு, காளி என்ற வேட்டைநாய்க்கானது. காட்டுப்பன்றியோடு மோதிச் செத்தது. பிரான்சில் தேபோர்த் என்ற ஓவியர், 14-ஆம் லூயி மன்னனின் வேட்டைநாய்களை வரைந்து ஒவ்வொன்றின் பெயரையும் படத்திலேயே எழுதிவைத்தார். எடுத்தனூர்ச் சிற்பிக்கும் அவருக்கும் பழக்கமில்லை என்றாலும் புத்தி ஒன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது: பெயர் இல்லாத நாய் ஏதோ ஒரு நாய்தான்.

உறுவையாற்றுப் படத்தில் அந்தக் குறை இருக்கிறது. இன்றைக்குப் பெயர் சொல்ல அம்மா இருக்கிறார். பேரப்பிள்ளைகள் காலத்தில் யார் சொல்வார்கள்? போர்டு எழுதிய கைக்கு நான்கு பெயர் எழுதுவது கால் மணி நேர வேலை.

உங்கள் வீட்டிலும் ஒன்று வாசலில் படுத்திருக்கலாம். இன்றே அதைப் படம் எடுத்துவையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நிழலான இடமாகப் பாருங்கள், முட்டிபோட்டு அதன் கண் உயரத்துக்கு இறங்குங்கள், இரண்டடி தள்ளியே இருங்கள். பெயரையும் வருஷத்தையும் மறக்காமல் குறித்துவையுங்கள்.